எச்சில் சொல்லும் சேதி

மலேசியாவின் கேமரன் மலையில் மழை விட்டதும் தேயிலைச் செடிகளுக்கு அடியிலிருந்து முதலில் எட்டிப் பார்ப்பது அட்டைதான். காலில் ஏறியது தெரியாது. ரத்தம் வழியும்போதுதான் தெரியும். தோட்டத்துக் கிழவிகள் அதைப் பிய்த்து எடுக்க மாட்டார்கள். வாயில் குதப்பிக்கொண்டிருக்கும் வெற்றிலைச் சாற்றை அதன்மேல் துப்புவார்கள். புகையிலையும் சுண்ணாம்பும் பட்ட அட்டை சுருண்டு விழும். அப்புறம் விரல் நுனியில் கொஞ்சம் எச்சிலைத் தொட்டுக் கடிவாயில் தடவிவிட்டு, அடுத்த செடிக்குப் போய்விடுவார்கள்.

ஒரே வாய். அட்டைக்கு விஷம், காயத்துக்கு மருந்து. அந்த இரண்டாவது வேலையைச் செய்யும் பொருள்களில் ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே பொருளின் சேதி எல்லை மீறும்போது அதே வாயில் புற்று வளர்கிறது. தேயிலை மலையைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் இந்த மலைப்பகுதியைக் கண்டு சொன்னார். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டிச் சரிவில் செடி நட்டுக் கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். இன்று அந்த வரிசைகளில் கத்தரியும் இயந்திரமும் பிடித்து நிற்பவர்களில் பலர் வங்காளதேசத்தவர், நேபாளத்தவர், இந்தோனேசியர். தமிழர்கள் பலர் மலையிறங்கிவிட்டார்கள். ஆனால் லயத்து வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்ட தலைமுறையின் கணக்கு மருத்துவப் பதிவேடுகளில் இருக்கிறது. மலேசியாவில் 1993-94இல் நாடு முழுவதும் 11,697 பேரின் வாயைத் திறந்து பார்த்து ஒரு தேசிய ஆய்வு நடந்தது. புற்றாக மாறக்கூடிய படலங்கள் மொத்தத்தில் 1.4 விழுக்காட்டினரிடம் இருந்தன. இந்தியர்களிடம் மட்டும் 4 விழுக்காடு. நாட்டு மக்கள்தொகையில் ஏறத்தாழ ஏழு விழுக்காடாக இருக்கும் ஒரு சமூகம், வாய்ப் புற்றுப் பட்டியலில் அந்த அளவைத் தாண்டி வெகுதூரம் நிற்கிறது. அதிலும் பெண்கள் முன்னால்.

பாக்கும் புகையிலையும் காரணம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தக் கதையின் நடுவில் நுண்ணிய சேதிக்காரன் ஒருவன் இருக்கிறான். அவனைப் பற்றி யாரும் தோட்டத்தில் சொன்னதில்லை.

பெப்டைடு என்பது அமினோ அமிலம் என்னும் மணிகளைக் கோத்த சிறு சரம். சரம் நீண்டு மடிந்தால் அதைப் புரதம் என்கிறோம். நமக்கு நன்கு பழகிய இன்சுலினில் 51 மணிகள். நான் சொல்லும் சேதிக்காரனில் 53. சரத்தை மூன்று இடங்களில் கந்தக முடிச்சுகள் இறுக்கிப் பிடித்திருப்பதால் வாய், வயிறு போன்ற கடுமையான இடங்களிலும் அது சட்டென்று சிதைவதில்லை. பெயர் புறத்தோல் வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக இ.ஜி.எஃப்.

அதைக் கண்டுபிடித்த விதம் பாம்பு விஷத்தில் தொடங்குகிறது. 1950களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், ரீட்டா லெவி மோன்டால்சினி நரம்புகளை வளரத் தூண்டும் ஏதோ ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். உடன் வேலை செய்த உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன், புரூக்ளினில் பிறந்த தையல்காரர் மகன். சோதித்துக்கொண்டிருந்த சாற்றில் இருக்கும் நியூக்ளிக் அமிலத்தை அகற்றப் பாம்பு விஷத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். எதிர்பாராத விதமாக, தேடிய பொருளே விஷத்தில் ஏராளமாக இருந்தது. விஷப்பை என்பது வேறொன்றுமில்லை, உருமாறிய உமிழ்நீர்ச் சுரப்பிதான். அப்படியானால் பாலூட்டிகளின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் இருக்குமோ என்று ஆண் எலியின் கீழ்த்தாடைச் சுரப்பியை அரைத்தார் கோஹன். இருந்தது.

ஆனால் அந்த அரைத்த சாற்றைப் புதிதாய்ப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஊசி போட்டபோது வேறொரு வேடிக்கை நடந்தது. வழக்கமாக 12-14 நாளில் கண் திறக்கும் குஞ்சுகள் ஒரே வாரத்தில் கண் திறந்தன. பல்லும் முன்னதாகவே முளைத்தது. நரம்பு வளர்ச்சிக்கும் இமை திறப்பதற்கும் சம்பந்தமில்லை. இன்னொருவர் ஏதோ கலப்படம் என்று விட்டிருப்பார். கோஹன் விடவில்லை. நாஷ்வில்லில் உள்ள வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகும் குஞ்சுகளின் இமைகளையே எண்ணிக்கொண்டிருந்தார். 1962இல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து அறிவித்தார். தோலின் மேலடுக்கு வேகமாக வளர்ந்து முதிர்ந்ததால்தான் இமை பிரிந்தது என்று புரிந்தது.

இதில் இன்னொரு கிளைக்கதை. இங்கிலாந்தில் ஹாரி கிரிகரி என்பவர் மனித சிறுநீரிலிருந்து, வயிற்று அமிலம் சுரப்பதைக் குறைக்கும் ஒரு பெப்டைடைப் பிரித்தெடுத்து 1975இல் அதன் வரிசையை வெளியிட்டார். மணிகளை எண்ணிப் பார்த்தால் அது மனித இ.ஜி.எஃப். எலியின் எச்சிலில் தேடியதும் மனித மூத்திரத்தில் கிடைத்ததும் ஒரே குடும்பத்துச் சரம். கழிவு என்று நாம் முகம் சுளிக்கும் இரண்டிலும் உடலின் மிக நுட்பமான கட்டளை ஒன்று மிதந்துகொண்டிருக்கிறது.

கட்டளை எப்படிப் போய்ச் சேருகிறது? தோட்டக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். விடியற்காலையில் ஆள்கள் கூடும் பெரட்டுக்களத்தில் துரை நேரடியாக யாரிடமும் வேலை சொல்வதில்லை. சொல்லைத் தண்டல் என்னும் மேற்பார்வையாளர் வாங்கி உள்ளே கடத்துவார். செல்லின் மேற்சவ்வில் நிற்கும் ஏற்பி என்ற புரதம்தான் அந்தத் தண்டல். அதன் தலை செல்லுக்கு வெளியே, வால் உள்ளே. இ.ஜி.எஃப். தலையில் வந்து ஒட்டியதும் மடங்கியிருந்த ஏற்பி நிமிர்கிறது, பக்கத்திலிருக்கும் இன்னோர் ஏற்பியுடன் கைகோத்துக்கொள்கிறது. தனியாக நிற்கும் ஏற்பி எதுவும் செய்யாது. சோடி சேர்ந்தால்தான் வேலை. சேர்ந்த இரண்டும் ஒன்றின் வாலில் மற்றொன்று பாஸ்பேட்டைப் பதிக்கின்றன. முத்திரை குத்திய வாலைப் பார்த்ததும் உள்ளே நிற்கும் புரதங்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்பி, கடைசியில் உட்கருவுக்குச் சேதி போகிறது: பெருகு, நகர், சாகாதே.

சேதி சொன்ன பிறகு ஏற்பி செல்லுக்குள் இழுக்கப்பட்டு, இ.ஜி.எஃப்.போடு சேர்ந்து சிதைக்கப்படுகிறது. இந்தக் கடைசி நடவடிக்கையைப் பாடப் புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடும். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு கட்டளையின் ஒழுங்கு, அது எப்போது முடிகிறது என்பதில் இருக்கிறது.

வாயில் நாக்கைக் கடித்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் ஆறிவிடுகிறது. அதே அளவு வெட்டு முழங்காலில் பட்டால் வாரமாகும். எச்சிலின் பங்கு இதில் உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பியை அகற்றிய எலிகளுக்குக் காயம் சுருங்கி மூட நேரமாகிறது என்பதை 1970களின் இறுதியிலேயே பார்த்துவிட்டார்கள். எலியின் கதையை அப்படியே நம்மீது ஏற்றிவிடவும் கூடாது. எலி எச்சிலில் இருக்கும் அளவுக்கு நம் எச்சிலில் இ.ஜி.எஃப். இல்லை. மனித எச்சிலில் காயத்தை மூடும் வேலையைப் பெரும்பாலும் ஹிஸ்டாட்டின் என்ற வேறு பெப்டைடுகள் செய்கின்றன என்று 2008இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனவே கிழவியின் விரல் நுனியில் ஒரு சேதிக்காரன் மட்டுமல்ல, ஒரு கூட்டமே இருந்தது. (கிருமிகளும் இருந்தன. காயத்தில் எச்சில் தடவச் சொல்லி யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

இனி வெற்றிலைக்கு வருவோம். வெற்றிலை வெறும் உறை. வினை செய்வது பாக்கும் புகையிலையும். பாக்கிலுள்ள அரிகோலின் என்ற காரப்பொருளைச் சுண்ணாம்பு வெளியே இழுக்கிறது; அதன் காரத்தன்மையில் திசுவைச் சுடும் ஆக்சிஜன் துணுக்குகள் பிறக்கின்றன. புகையிலை சேர்ந்தால் மரபணுவைக் கீறும் நைட்ரோசமீன்கள் கூடுகின்றன. புகையிலையே வேண்டாம், வெறும் பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. கதுப்பில் ஒதுக்கிவைத்த உருண்டை மணிக்கணக்காக ஒரே இடத்தை உரசுகிறது. ஒவ்வொரு நாளும் ஒரு சிறு காயம். ஒவ்வொரு காயத்துக்கும் "ஆறு, ஆறு" என்று ஒரு சேதி. சேதியைக் கேட்டுச் செல் பிரியும்போது மரபணுவில் ஏற்கெனவே விழுந்த கீறல் அடுத்த செல்லுக்கும் நகலாகிறது. முப்பது வருடம் இப்படி நடந்தால் அந்தக் கதுப்பு ஆறி முடிப்பதே இல்லை. ஆறிக்கொண்டே இருக்கிறது.

புற்று என்பது ஒருவகையில் ஆறி முடியாத புண். அந்நியமான சேதி எதையும் அது கண்டுபிடிப்பதில்லை. பழைய சேதியையே முடிவில்லாமல் கேட்கிறது. தலை, கழுத்துப் பகுதியில் வரும் இவ்வகைப் புற்றுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இ.ஜி.எஃப். ஏற்பி அளவுக்கு மீறி முளைத்திருக்கிறது. பத்துத் தண்டல்கள் நிற்க வேண்டிய களத்தில் நூறு பேர் நின்றால் மெல்லிய முணுமுணுப்புகூட உத்தரவாகிவிடும். அதோடு நிற்காமல், புற்றுச் செல்கள் இ.ஜி.எஃப்.பின் சித்தப்பா மகன் போன்ற டி.ஜி.எஃப். ஆல்ஃபா என்ற இன்னொரு பெப்டைடைத் தாமே சுரந்து, தம் ஏற்பியில் தாமே ஒட்டிக்கொள்கின்றன. தனக்குத் தானே கடிதம் எழுதித் தானே படிப்பது போல. ஏற்பிக்கும் புற்றுக்கும் உள்ள உறவு 1984இல் கோழியின் வழியாக வெளிப்பட்டது. கோழிகளுக்கு ரத்தப் புற்றை உண்டாக்கும் ஒரு வைரஸின் மரபணுவைப் படித்தபோது, அது இ.ஜி.எஃப். ஏற்பியின் தலை வெட்டப்பட்ட நகல் என்று தெரிந்தது. தலையில்லாததால் அதற்குச் சேதி வரத் தேவையில்லை. வால் எப்போதும் துடித்துக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் தண்டலின் காதைப் பொத்திவிட்டால் போதுமே? ஜான் மெண்டல்சனும் கார்டன் சாட்டோவும் 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் இதைத்தான் நினைத்தார்கள். ஏற்பியின் தலையில் போய் உட்கார்ந்து இ.ஜி.எஃப்.புக்கு இடம் கொடுக்காத ஓர் எதிர்ப்பொருளை எலியில் உண்டாக்கினார்கள். அதன் வாரிசுதான் செடுக்ஸிமாப். 2006இல் வெளிவந்த 424 பேரின் ஆய்வில், கதிர்சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 29 மாதம். செடுக்ஸிமாபும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 49 மாதம். செய்தித்தாள்கள் கொண்டாடின. ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் இருந்தவை தொண்டை, குரல்வளைப் புற்றுகள். கதுப்பிலும் நாக்கிலும் வருபவை, அதாவது நம் வெற்றிலைப் புற்று, அதில் சேர்க்கப்படவேயில்லை.

அதே 2006இல் பெங்களூரின் பயோகான் நிறுவனம், கியூபாவில் உருவான நிமோடுசுமாப் என்ற இன்னோர் எதிர்ப்பொருளை இந்தியாவில் கொண்டுவந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 536 நோயாளிகளிடம் அதைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான சிஸ்பிளாட்டின் மருந்து, கதிர்சிகிச்சையோடு இதையும் சேர்த்தபோது, இரண்டாண்டுக்குப் பின் நோய் முற்றாமல் இருந்தவர்கள் 50 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 62ஆக உயர்ந்தார்கள். ஆனால் உயிரோடு இருந்தவர்களின் எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. காதைப் பொத்தினால் புற்று தடுமாறுகிறது. பிறகு வேறு வழியில் கேட்கப் பழகிவிடுகிறது.

எனக்கு இதைவிடப் பிடித்தது அதே மருத்துவமனையின் இன்னொரு முயற்சி. நோய் முற்றியவர்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட், செலிகாக்ஸிப், எர்லோடினிப் ஆகிய மூன்று மாத்திரைகளைக் கொடுத்தார்கள். இதில் எர்லோடினிப் ஏற்பியின் உள்வாலை முடக்குவது. இன்னொரு பிரிவுக்கு இவற்றோடு நிவோலுமாப் என்ற விலையுயர்ந்த நோயெதிர்ப்பு மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும் சேர்த்தார்கள். வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16 விழுக்காட்டிலிருந்து 43ஆனார்கள். மருந்துக் கம்பெனி எழுதித் தந்த அளவை ஒரு தேசத்து மருத்துவர்கள் துணிந்து கேள்வி கேட்டிருக்கிறார்கள். கூலிக்குக் கொழுந்து பறித்த குடும்பத்துக்கு இந்தக் கேள்வியின் மதிப்பு தெரியும்.

இந்த இடத்தில் தேயிலை தானாக உள்ளே வருகிறது. 1997இல் தைவான் ஆய்வாளர்கள், தேயிலையில் உள்ள ஈ.ஜி.சி.ஜி. என்ற துவர்ப்புப் பொருள் இ.ஜி.எஃப். தன் ஏற்பியில் ஒட்டுவதைத் தடுக்கிறது என்று கண்டார்கள். சோதித்தது ஏ431 என்ற புற்றுச் செல் வகையில்; அதன் ஒவ்வொரு செல்லிலும் ஏற்பிகள் பத்து லட்சத்துக்கும் மேல். அன்றிலிருந்து "தேநீர் புற்றைத் தடுக்கும்" என்று பெட்டிகளின்மேலும் வாட்ஸ்அப்பிலும் படித்துக்கொண்டிருக்கிறோம். தேயிலை மலையில் பிறந்தவர்களுக்கு அதை நம்ப ஆசையாகத்தான் இருக்கும்.

கணக்கைப் பார்ப்போம். ஆய்வுக்கூடத் தட்டில் ஊற்றிய அளவு, ஒரு கோப்பை குடித்த பிறகு ரத்தத்தில் ஏறும் அளவைவிடப் பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை அதிகம். ஈ.ஜி.சி.ஜி. செழிப்பாக இருப்பது பச்சைத் தேயிலையில். கேமரன் மலைத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் தயாராவது கருந்தேயிலை. கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றில் கிடத்திப் பழுக்கவைக்கும்போது இலையின் நொதியே ஈ.ஜி.சி.ஜி.யைத் தியாஃபிளேவினாக மாற்றிவிடுகிறது. அந்தச் செம்பொன் நிறமும் துவர்ப்பும் அதன் வேலைதான். தேநீர் கலப்படமில்லாமல் நேராகத் தொடும் முதல் இடம் வாய் என்று ஒருவர் வாதாடலாம். வாதம் சரிதான். அதனால்தான் டெக்ஸாஸில் வாயில் வெண்படலம் உள்ள 41 பேருக்குப் பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2009இல் வந்த முடிவின்படி, சாற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்குப் படலம் சுருங்கியது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 18 விழுக்காட்டினருக்கு. ஆனால் பின்னாளில் புற்று வந்த கணக்கில் இரண்டு கூட்டத்துக்கும் வேறுபாடில்லை. போதாததற்கு, 65 பாகைக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்க்குக் கெடுதலாகலாம் என்று 2016இல் இன்னோர் எச்சரிக்கை வந்தது. தேநீரைத் தேநீருக்காகக் குடிக்கலாம்.

தேயிலையைக் குறை சொல்லிப் பயனில்லை. அதைவிடப் பல மடங்கு குறிபார்த்து அடிக்கும் எர்லோடினிப்பும் இதே பரீட்சையில் தோற்றது. வாயில் படலமும் அதில் ஆபத்தான மரபணு இழப்பும் உள்ள 150 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2016இல் வந்தது. மூன்றாண்டு வாய்ப் புற்று வராமல் தப்பியவர்கள், மாத்திரை சாப்பிட்டவர்களில் 70 விழுக்காடு. போலி மாத்திரைக்காரர்களில் 74. புற்றுக்கு முந்திய அந்தக் கட்டத்தில் ஒரு சேதியை மட்டும் அடைத்துப் பயனில்லை என்று எனக்குப் படுகிறது. கீறல் விழுந்த மரபணு ஒன்றல்ல, பல.

பெப்டைடை எதிரியாகப் பார்க்காமல் ஆயுதமாகத் திருப்பும் முயற்சி மலேசியாவிலேயே நடக்கிறது. சுபாங் ஜெயாவில் 2001இல் தொடங்கிய புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் பேராசிரியர் சியோங் சொக் சிங்கின் குழு, புற்றுச் செல்களில் மிகுதியாகக் காணப்படும் இரண்டு புரதங்களிலிருந்து சிறு பெப்டைடுகளை வெட்டியெடுத்து, அவற்றைக் காட்டி நோயெதிர்ப்புச் செல்களைப் பழக்கும் தடுப்பூசியை உருவாக்கிவருகிறது. கட்டளையிடும் சரமாக அல்லாமல், மோப்பம் பிடிக்கக் காட்டும் துணியாக.

மருந்து வரட்டும். இப்போதைக்கு மலையில் உதவுவது ஒரு டார்ச் விளக்கு. வாய்க்குழி நுரையீரலைப் போல ஒளிந்திருக்கும் உறுப்பல்ல. கதுப்பில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம், சிவந்த திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாயை முழுக்கத் திறக்க முடியாத இறுக்கம், இவற்றைப் பல் மருத்துவர் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார். தாமதித்தால் என்னவாகும்? தானா ராத்தாவில் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. ஆனால் கதிர்சிகிச்சைக்கு மலையிறங்க வேண்டும். தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ இறங்கி, வாரம் ஐந்து நாளாக ஆறேழு வாரம். ஒரு கிழவியோடு ஒருவர் போனால் அந்த வீட்டில் ஒரு சம்பளம் நிற்கும்.

கதிர்சிகிச்சை தொடங்கிய இரண்டு மூன்று வாரத்தில் வாய் முழுக்கப் புண்ணாகும். எச்சில் வற்றும். அப்போது அந்த வாய்க்கு அவசரமாகத் தேவைப்படுவது எது? ஆற்றும் சேதிதான். நீரிழிவுக்காரர்களின் பாதப் புண்ணுக்கு இ.ஜி.எஃப். கலந்த களிம்பை ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் ஏற்கெனவே விற்கிறது. அதே பெப்டைடைப் புற்று வந்த வாயில் தெளிக்க மருத்துவர் யோசிக்கத்தான் செய்வார். புண்ணும் புற்றும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே சேதிக்காகக் காத்திருக்கும்போது யாருக்கென்று முகவரி எழுதுவது?

சேதியை அடைக்கும் மருந்து சாப்பிடுபவர்களிடம் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். முகத்திலும் மார்பிலும் பரு போலப் பொரிந்து வரும், நகக்கண் வெடிக்கும். புற்றுக்குப் போகும் கட்டளையை நிறுத்தியதில் நல்ல தோலுக்கும் வரத்து நின்றுபோனதன் அடையாளம் அது. வேறு சிலருக்கு இன்னொன்று நடக்கிறது. கண்ணிமை முடிகள் நீண்டு, சுருண்டு, கண்ணுக்குள்ளேயே குத்தத் தொடங்குகின்றன. எலிக்குஞ்சின் இமையில் கோஹன் முதன்முதலாகப் பார்த்த அந்தப் பெப்டைடின் குரலை பல பத்தாண்டுகள் கழித்து நாம் அடைத்தால், தடுமாறும் இடங்களில் ஒன்று மறுபடியும் இமைதான். புற்றுநோய்ப் பிரிவுகளில் அந்த முடியைக் கண்ணில் படாமல் சின்னக் கத்தரியால் வெட்டிவிடுவார்கள்.